வெள்ளை மாவும் என் மிச்சக் காலும்

எங்கள் வீட்டுக் குசினியின் மேல்தட்டில் ஒரு பழைய பால்மாப் பேணி இருக்கிறது. அதன்மேல் "இது மா அல்ல" என்று சிவப்புப் பேனையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒருநாள் மாமி அதை அப்பச்சோடா என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டார். நல்ல காலம், நானும் அடுப்படியில் நின்றேன். அன்றைக்கே எழுதி ஒட்டினேன். மாமிக்கு இப்போது கண் மங்கல் என்பதால் பேணியை இன்னும் ஒரு தட்டு மேலே ஏற்றிவிட்டேன்.

பேணிக்குள் இருப்பது நாகவொட்சைட்டு. பாடசாலையில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு நாகம் என்ற உலோகம் ஞாபகம் இருக்கும். பாம்பல்ல. ரோச் பற்றரியின் உள்ளே இருக்கும் உலோகக் கோதும், கூரைத் தகரம் துருப்பிடிக்காமல் பூசும் பூச்சும் அதுதான். இந்தியப் புத்தகங்களில் துத்தநாகம் என்று எழுதுவார்கள். பாமசியில் சிங்க் ஒக்சைட் என்று கேட்டால்தான் விளங்கும். கோதுமை மாவைவிட வெள்ளை. மணமில்லை, தண்ணீரில் கரையாது.

பெயர் புதிதென்றாலும் ஆளை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். முகாமில் பிள்ளைகளுக்கு வேர்க்குரு போட்டபோது ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து தந்தார்களே, கலமைன் லோசன், அதிலே இது இருக்கிறது. ரோஸ் நிறம் அதோடு சேர்க்கிற இரும்பு ஒட்சைட்டால் வருவது. காயத்துக்குத் துணி வைத்து ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்ரர் சுருளின் பசையிலும் இருக்கிறது. குழந்தைப் பிள்ளைகளின் அரையில் சிவந்தால் பூசுகிற கிறீமிலும் இதுதான். கிரிக்கெட் பார்க்கிறவர்கள், மூக்கிலும் சொண்டிலும் வெள்ளை அப்பிக்கொண்டு பந்து போடும் ஆட்களை ரீவியில் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுதான்.

நான் இந்த மாவோடு பழகியது என் காலினால். 2009 மார்ச்சில் மாத்தளனில் செல் விழுந்து என் வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கதையை எழுத நான் இங்கே வரவில்லை. இதை வாசிக்கிற உங்களில் பலரிடம் அதைவிடப் பெரிய கதைகள் இருக்கின்றன.

செயற்கைக் கால் போட்டு முதல்முதல் நடக்கிற நாளில் படம் எடுப்பார்கள். கைதட்டுவார்கள். அதற்குப் பிறகு வருகிற வருடங்களை யாரும் படம் எடுப்பதில்லை. அந்த வருடங்களில் நடப்பது தோலின் கதை. உள்ளங்கால் தோல் உடம்பைத் தாங்கப் பிறந்தது. முழங்காலுக்குக் கீழுள்ள தோல் அப்படியல்ல. அதை ஒரு பிளாஸ்ரிக் குழிக்குள் வைத்து முழு உடம்பையும் அதன்மேல் ஏற்றுகிறோம். கிளிநொச்சி வெயிலில் சொக்ஸ் நனைந்து, குழிக்குள் வேர்வை தேங்கி, ஒவ்வொரு அடிக்கும் தோல் உரஞ்சும். நாலு மணித்தியாலம் நடந்தால் சிவக்கும். எட்டு மணித்தியாலம் நடந்தால் தோல் ஊறி வெளுத்து, குளித்த விரல் நுனி போல் சுருங்கும். ஊறிய தோல் கிழிவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.

கிளினிக்கில் ஒரு மிஸ் பல வருடங்களுக்கு முன்னரே சொல்லியிருந்தார்: "இரவில காலைக் கழட்டினவுடன கழுவித் துடைச்சு, சிங்க் கிறீம் மெல்லிசாப் பூசுங்கோ. காலைமை கால் போடமுதல் பூசாதேங்கோ. சொக்ஸ் வழுக்கும், தோல் இன்னும் ஊறும்." அதன்படி செய்து வந்தேன். ஒரு ரியூப் ஒன்றரை மாதம் போகும்.

2022 இல் நாடு விழுந்தது. பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையும் எல்லோருக்கும் தெரியும். மருந்துக்கும் அப்படித்தான். நான் வாங்குகிற ரியூப் முதலில் இரண்டு மடங்கு விலையானது. பிறகு பாமசியில் இல்லாமலே போனது. தைத்த சட்டைக்குக் காசு தர ஆட்களிடமும் காசில்லை. அந்தக் காலத்தில்தான் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற டிஸ்பென்சர் ஐயாவிடம் போனேன்.

ஐயாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். அவரது காலத்தில் களிம்புகள் எல்லாம் ரியூப்பில் வருவதில்லை, கண்ணாடிப் பலகையில் தட்டைக் கத்தியால் குழைத்துத்தான் கொடுப்பார்களாம். "இதென்ன பெரிய வித்தையே பிள்ளை? ரொட்டி சுடத் தெரிஞ்ச ஆளுக்கு இது சுகம்" என்றார். அதற்குப் பிறகு மூன்று பின்னேரம் என்னை இருத்தி வைத்துப் படிப்பித்தார். ரொட்டியைவிடக் கஷ்டம்தான்.

முதல் பாடம் மாவைச் சரிபார்ப்பது. யாழ்ப்பாணத்தில் ஒரு பாமசி மூலம் எடுப்பித்த பொதியில் ஒரு கரண்டி எடுத்து, பழைய எவர்சில்வர் அகப்பையில் போட்டு நெருப்பில் பிடித்தார். வெள்ளை மா மெல்ல மெல்ல மஞ்சளானது. பழுதாய்ப் போச்சென்று நான் பயந்துவிட்டேன். அடுப்பிலிருந்து எடுத்து ஆறவிட்டார். திரும்ப வெள்ளையாகிவிட்டது. சூட்டில் மஞ்சள், குளிரில் வெள்ளை, அது இந்த மாவின் குணம். பிறகு இன்னொரு சிட்டிகையை வினாகிரிக்குள் போட்டுக் கலக்கினார். சத்தமில்லாமல் மெல்லக் கரைந்தது. "சுண்ணாம்புத்தூள் எண்டால் நுரைக்கும். முகப்பவுடர் மா எண்டால் கரையாமல் அடியில கிடக்கும்" என்றார். நான் சந்தோசப்பட, உடனே விரலை நீட்டினார். "ஆனா பிள்ளை, உள்ளுக்கை ஈயம் கிடந்தால் இந்தப் பரிசோதனையில காட்டாது. அதுக்கு லேபிளைத்தான் பாக்கவேணும்."

இதை நான் அழுத்தி எழுதவேண்டும். இதே மாவை றப்பர் தொழிற்சாலைகளில் ரயர் செய்வதற்கும், பெயின்ற் செய்வதற்கும் மூட்டை மூட்டையாகப் பாவிக்கிறார்கள். அந்த மா மலிவு. ஆனால் அதில் ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கொஞ்சம் கலந்திருக்கக்கூடும். ரயருக்கு அதனால் ஒன்றும் வராது. எங்கள் பிள்ளைகளின் தோல் ரயர் இல்லை. மருந்துத் தரமான மாவின் லேபிளில் பி.பி. அல்லது யூ.எஸ்.பி. என்று எழுத்து இருக்கும். கொழும்பில் வேலை செய்கிற என் அக்காவின் மகன் ஒருமுறை பாசத்தில் ஐந்து கிலோ மலிவாக வாங்கி அனுப்பினான். பையில் அந்த எழுத்து இல்லை. அவனுக்கு மனம் நோகாமல் திருப்பி அனுப்ப நான் பட்ட பாடு!

ஐயா சொல்லித் தந்த கணக்கு, 100 கிராம் களிம்புக்கு: மா 15 கிராம், ஆமணக்கெண்ணெய் 45 கிராம், தேங்காயெண்ணெய் 28 கிராம், தேன்மெழுகு 12 கிராம். பிரித்தானிய மருந்து நூலில் இருக்கிற பழைய சிங்க் - ஆமணக்கெண்ணெய்க் களிம்பில் மா ஏழரை வீதம்தான், அதிலே கடலையெண்ணெயும் சேரும். கடலை ஒத்துவராத பிள்ளைகள் இருப்பதால் ஐயா அதற்குத் தேங்காயெண்ணெயை மாற்றினார். எங்களுடைய வெக்கைக்கு உருகி ஓடாமல் மெழுகையும் கொஞ்சம் கூட்டினார். மெழுகு எனக்கு முல்லைத்தீவுப் பக்கம் காட்டுத்தேன் எடுக்கிறவர்களிடம் கிடைக்கிறது. தேனைப் பிழிந்த பிறகு எறிகிற சக்கையை உருக்கி வடித்துத் தருவார்கள். நிறுப்பதற்குச் சின்ன இலெக்ரோனிக் தராசு வேண்டும். கரண்டிக் கணக்குச் சரிவராது, ஏனென்றால் இந்த மா பொங்கிக்கொண்டு நிற்கும், இறுக்கி அமத்தினால் ஒரு கரண்டிக்குள் இரண்டு கரண்டி போகும்.

மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொண்டு மாவை அரித்தெடுக்க வேண்டும். நெஞ்சுக்குள் போகக்கூடாத தூள் இது. அதனால்தான் குழந்தைகளுக்கு உலர்ந்த பவுடராக இதைப் போடவேண்டாம் என்கிறேன். அரித்த மாவைக் கண்ணாடியில் கொட்டி, ஆமணக்கெண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தட்டைக் கரண்டியின் அடியால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கட்டிகள் உடைந்து, பட்டர் போல் வரும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பூசும்போது மணல் போல் உரஞ்சும். உரஞ்சலுக்கு மருந்து செய்யப்போய் உரஞ்சலை வாங்கின கதையாகிவிடும். மிச்ச எண்ணெயையும் மெழுகையும் ஒரு சுண்டில் போட்டு, கொதிதண்ணிச் சட்டிக்குள் வைத்து உருக்கி, குழைத்த மாவோடு சேர்த்து, ஆறி இறுகும்வரை கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். இந்த மா தண்ணீரைவிட ஐந்தரை மடங்கு பாரம். கையை எடுத்தால் அடிக்குப் போய்விடும். மேலே எண்ணெயும் கீழே சீமெந்தும்தான் மிஞ்சும்.

போத்தலை அவித்து நன்றாகக் காயவைக்க வேண்டும். ஒரு துளி ஈரமும் கூடாது. ஐயா இதைச் சொன்னபோது நான் பெரிதாக எடுக்கவில்லை. அழகாக இருக்கட்டுமே என்று இரண்டாம் முறை கற்றாளைச் சாறு விட்டு அடித்தேன். கிறீம் மாதிரி லேசாக, வழுவழுப்பாக வந்தது. ஒன்பதாம் நாள் மூடியைத் திறந்தால் கறுப்புப் புள்ளிகள். எண்ணெயும் மெழுகும் மட்டும் என்றால் கிருமி வளர இடமில்லை, தண்ணீர் சேர்ந்தவுடன் அதற்குச் சோறு போட்ட மாதிரி. கடைக் கிறீம்களில் பழுதாகாமல் இருக்க வேறு மருந்து சேர்க்கிறார்கள். எங்களிடம் அது இல்லை. நாலு போத்தலையும் கிடங்கு வெட்டித் தாட்டேன்.

என் களிம்பு நல்ல களிம்பு. அதைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று எனக்கு உண்மையில் விளங்கியது அடுத்த வருடம்.

2023 வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனேன். பஸ்ஸில் நின்று, வரிசையில் நின்று, பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று, இரவிரவாக நின்றேன். கால் போன பிறகு அவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை. நேர்த்தி இருந்தது. வீட்டுக்கு வந்து காலைக் கழற்றினால் முன்னெலும்பு நுனியில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு தோல் உரிந்திருந்தது. என்னிடம்தான் களிம்பு இருக்கிறதே! தடிப்பாக அப்பிவிட்டுப் படுத்தேன். அடுத்த நாளும் அப்பினேன். இரண்டு நாள் தையலை விட்டால் பாடசாலைச் சட்டை ஓடர் கைவிட்டுப் போய்விடும் என்று கால் போட்டுக்கொண்டு கடைக்கும் போனேன். ஒவ்வொரு இரவும் பழைய பூச்சின் மேலேயே புதியதை வைத்தேன். வெள்ளையாக, சுத்தமாகத் தெரிந்தது. பார்க்கும்போது மனதுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

ஆறாம் நாள் காய்ச்சல். ஏழாம் நாள் தொடைவரை நோ. வைத்தியசாலையில் மிஸ் தேங்காயெண்ணெய் நனைத்த துணியால் அந்த வெள்ளையை மெல்ல மெல்லத் துடைத்து எடுத்தார். கீழே சீழ். எனக்கு மணம் தெரிந்தது, பார்க்கத் துணிவு வரவில்லை. "ஏன் இப்பிடி மூடி வைச்சனீங்கள்?" என்று கேட்டார். கோபமாக அல்ல. என்னிடம் பதில் இல்லை.

பதினொரு நாள் வாட்டில். அதற்குப் பிறகு ஒன்பது கிழமை கால் போடக்கூடாது. ஊன்றுகோலில் ரொயிலற்றுக்குப் போன அந்த ஒன்பது கிழமையும் நான் 2009 க்குத் திரும்பப் போய் வந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். முழங்காலையும் எடுக்கவேண்டி வருமோ என்று ஒரு டொக்ரர் இன்னொருவரோடு ஆங்கிலத்தில் கதைத்தது எனக்கு விளங்கியது. விளங்காது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த நாட்களில் டிஸ்பென்சர் ஐயா ஒருநாள் பார்க்க வந்தார். தான் சொல்லித் தந்ததால்தானோ என்று அவருக்கு மனவருத்தம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார்: "பிள்ளை, இது கூரை. மழை ஈரம் படாமல் தோலுக்கு மேல கூரை. வேர்வை, சிறுநீர், உரஞ்சல் உள்ள போகாமல் மறிக்கும். கூரைக்குக் கீழ வீடு எரிஞ்சால் கூரை என்ன செய்யும்?" மாவுக்குத் தோலைக் கொஞ்சம் இறுக்கி உலர்த்துகிற குணமும் எரிவைத் தணிக்கிற குணமும் உண்டு. ஆனால் சீழ் பிடித்த காயத்துக்கு, ஆழமான காயத்துக்கு, கூடிக்கொண்டு போகிற காயத்துக்கு அது மருந்தல்ல. பங்கசு பிடித்த அரைத்தோலுக்கும் இது மட்டும் போதாது. காயம் இல்லாத, காயம் வரப்போகிற தோலுக்குத்தான் அது நல்லது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். இரவில் காலைக் கழற்றினால் முதலில் பழைய பூச்சை எண்ணெய்த் துணியால் துடைப்பேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் தோல் உரியும், எண்ணெய்க்குத்தான் அது இளகும். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை நிலத்தில் வைத்து மிச்சக் காலின் அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சிவப்பு மாறினால் சரி. மாறாவிட்டால் அடுத்த நாள் கால் இல்லை, ஓடர் போனால் போகட்டும். எங்களுடைய நிறத்துக்குச் சிவப்பு நன்றாகத் தெரியாது. ஊதா மாதிரி, அல்லது பக்கத்துத் தோலைவிடக் கறுப்பாகத் தெரியும். தொட்டுப் பார்த்தால் சூடாகவோ இறுக்கமாகவோ இருக்கும். கண்ணைவிட விரலை நம்பலாம்.

இனி விற்பனைக் கதை. முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் குழந்தைக்குக் கேட்டாள். பிறகு வெங்காயத் தோட்டத்துக்குப் போகிற இரண்டு பேர், தொடை உரஞ்சலுக்கு. அதற்குப் பிறகு வாய்வழியே பரவி, மாதம் முப்பது நாற்பது சின்னப் போத்தல் போகத் தொடங்கியது. தையலைவிட அதில் கை நிறையக் காசு வந்தது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். மகளின் ரியூசன் காசு அதிலிருந்துதான் போனது.

காசு வந்தவுடன் யோசனை சொல்கிற ஆட்களும் வந்தார்கள். ஒரு சுயதொழில் பயிற்சியில் வளவாளராக வந்தவர், "அக்கா, இதுக்கு எஸ்.பி.எஃப். 30 எண்டு லேபிள் அடியுங்கோ, சண்கிறீம் எண்டு மூண்டு மடங்குக்கு விக்கலாம்" என்றார். இந்த மா வெயிலின் புறவூதாக் கதிரைத் தடுக்கும் என்பது உண்மை. உலகத்தில் நல்ல சண்கிறீம்கள் பலவற்றில் இது இருக்கிறது. ஆனால் அந்த 30 என்ற எண் ஆய்வுகூடத்தில் அளந்து எடுக்கிற எண். குசினியில் குழைத்ததில் ஒரு இடத்தில் மா கூட இருக்கும், இன்னொரு இடத்தில் குறைய இருக்கும், குறைந்த இடத்தால் வெயில் போகும். பூசியாயிற்று என்று நம்பி நீளக்கைச் சட்டையை விட்டுவிட்டுத் தோட்டத்தில் நிற்கிற பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது? மருந்து என்று சொல்லி விற்கவும் முடியாது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி மருந்தென்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு வேண்டும். நான் போத்தலில் திகதியும், உள்ளே இருப்பவற்றின் பெயரும், வெளிப்பூச்சுக்கு மட்டும் என்பதும் எழுதினேன். அவ்வளவுதான்.

இன்னொருவர் கலியாணம் பேசுகிற மகளுக்கு வெள்ளையாக்கும் கிறீமாகச் செய்து தரச் சொன்னார். இந்த மா யாரையும் வெள்ளையாக்காது. தோலின் மேல் கிடந்து வெள்ளையாகத் தெரியும், முகம் கழுவினால் சுண்ணாம்புத் தண்ணி போல் ஓடும். இதைச் சொன்னதும் அவருக்கு முகம் வாடியது. பெட்டியில் விலாசம் இல்லாத ஏதோ ஒரு கிறீமை மகள் ஏற்கெனவே பூசுவதாகவும், அது "நல்லாய் வேலை செய்யுது" என்றும் சொன்னார். அப்படி விரைவாக வேலை செய்கிற சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013 இன் மினமாட்டா உடன்படிக்கையில், பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள கிறீம்களை நிறுத்தவேண்டும் என்று அப்போது எழுதினார்கள். எழுதியது அங்கே, போத்தல் இங்கே. அந்தப் பிள்ளை நல்ல மாநிறம், கண்ணுக்கு நிறைந்த பிள்ளை. கிறீமை நிறுத்தினாளோ தெரியாது. கலியாணத்துக்கு எனக்குச் சொல்லவில்லை.

இவ்வளவு கவனமாக இருந்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2024 மாசி மாதம் ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். பஸ் எடுத்து, பிறகு ஒன்றரை மைல் நடந்து வந்திருந்தார். "படுக்கையில இருக்கிற ஆளுக்கு நல்லதாமே பிள்ளை" என்றார். நல்லதுதான். சலம் பட்டு ஊறுகிற தோலுக்கு இதைவிட நல்ல பூச்சு இல்லை. இரண்டு போத்தல் கொடுத்தேன். ஒன்றுக்கு மட்டும் காசு எடுத்தேன். அன்றைக்கு என் மனதில் நான் பெரிய நன்மை செய்த ஆள்.

மூன்று கிழமையில் திரும்ப வந்தார். இரண்டும் முடிந்துவிட்டதாம், இன்னும் மூன்று தரட்டாம். அவ்வளவு விரைவாக எப்படி முடியும் என்று அப்போதுதான் கேட்டேன். மெல்லிசாகப் பூசினால் ஒரு போத்தல் ஒரு மாதம் தாராளமாகப் போகும். "புண்ணை மூடத் தடிப்பாய்ப் போடவேணுமெல்லே" என்றார்.

மெசினை மூடிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன்.

மகனுக்கு முப்பத்தைந்து வயது. செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கமில்லை, உணர்ச்சியுமில்லை. தாயைத் தவிர வீட்டில் யாருமில்லை. "அக்கா வாங்கோ" என்று சிரித்தான். ரேடியோவில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. தாயும் நானுமாகச் சரித்துப் படுக்க வைத்தோம். நாரியின் கீழ் என் களிம்பு, அடுக்கடுக்காக, வெள்ளையாக. நான் தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கித் துணியால் துடைத்தேன். என் கை நடுங்கியது. உள்ளங்கையளவு கறுத்திருந்தது. நடுவில் விரல் போகிற அளவு குழி. அவனுக்கு நோவே தெரியாது. அதுதான் அதில் உள்ள பயங்கரம். எனக்கு ஆறாம் நாள் காய்ச்சலோடு நோவும் வந்தது, அதனால் தப்பினேன்.

படுக்கைப் புண்ணுக்குக் காரணம் பாரம். எலும்புக்கும் பாய்க்கும் நடுவில் தோல் நசிபட்டு, இரத்த ஓட்டம் நின்று, உள்ளேயிருந்து அழுகி வெளியே வரும். அதற்கு எந்தக் களிம்பும் பதிலல்ல. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பதுதான் பதில். அறுபது வயதுத் தாய், தனி ஆள், இரவில் எத்தனை முறை எழும்புவார்? "முந்தி எழும்பினனான் பிள்ளை. இந்த மருந்து வந்தாப் பிறகு, பூசியிருக்குத்தானே எண்டு கொஞ்சம் கண்ணயர்ந்திட்டன்" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. மருந்து என்று சொல்லி நான் கொடுக்கவில்லைதான், லேபிளில் அப்படி எழுதவும் இல்லைதான். ஆனால் யாருக்கு, எந்த இடத்துக்கு, தோல் இப்போது எப்படி இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காசைப் பாதியாக எடுத்துவிட்டேன் என்ற பெருமையில் இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அழுகியதை வெட்டி எடுத்தார்கள். இரண்டரை மாதம் இருந்தான். தாய் ஓய்வெடுக்கவென்று நானும் ஒழுங்கையில் இன்னும் இரண்டு பெண்களும் முறை வைத்துப் போனோம். திருப்பிப் படுக்க வைப்பது எப்படி என்று அங்கேதான் ஒழுங்காகப் பழகினேன். தோள்மூட்டையும் இடுப்பையும் பிடித்து ஒரே மூச்சில் உருட்ட வேண்டும், இழுக்கக்கூடாது, இழுத்தால் தோல் பாயில் உரஞ்சும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிக்கால் பாயில் படாமல் கெண்டைக்குக் கீழே ஒன்று. ஒரு கொப்பியில் நேரத்தை எழுதி, இடம், வலம், நேர் என்று குறிக்கிறோம். கறுத்த இடத்தை விரலால் அமத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப நிறம் வரவேண்டும். வராவிட்டால் அந்தப் பக்கத்துக்கு ஓய்வு.

புண் ஆறிவிட்டது. தோல் மெல்லிசாக, பளபளப்பாக இருக்கிறது. அதனால் களிம்பு இப்போது அவனுக்கு உண்மையிலேயே வேண்டும், ஆனால் புண் இருந்த இடத்துக்கல்ல, சலம் படுகிற சுற்றுத் தோலுக்கு.

இப்போது மாதம் பதினைந்து போத்தலுக்கு மேல் நான் செய்வதில்லை. கேட்டு வருகிறவர்களை முதலில் திண்ணையில் இருத்தித் தேத்தண்ணி கொடுக்கிறேன். கேள்வி கேட்பதற்குத் தேத்தண்ணி வசதி. திறந்த காயம், சீழ், காய்ச்சல் என்று ஒரு சொல் வந்தாலும் போத்தல் இல்லை, கிளினிக் துண்டு எழுதித்தான் அனுப்புகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். "காசுக்குத்தானே கேக்கிறம்" என்று ஒருவர் ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். ரியூசன் காசுக்குத் திரும்பவும் இரவில் மெசின் மிதிக்கிறேன். இடது காலால்தான் மிதிப்பது. அதில் ஒரு குறையும் இல்லை.

போன கிழமை அந்த அம்மா வெறும் போத்தலோடு வந்தார். நான் கேட்க முன்னரே சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கொப்பியை எடுத்து நீட்டினார். இடம், வலம், நேர் என்று எல்லா நாளும் எழுதியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு நேரே மட்டும் சில இடங்களில் வெறுமை.

"அந்த நேரம் நித்திரையாப் போனன் பிள்ளை" என்றார்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பழைய கைபேசி வைத்திருக்கிறான். அதில் இரண்டு மணிக்கு அலாரம் வைத்துக் கொடுத்தோம். எப்படி நிற்பாட்டுவது என்று மூன்று முறை காட்டிவிட்டு, போத்தலை நிரப்பிக் கொடுத்தேன்.